நூறடி பின்னால்

வருசத்துக்கு ரெண்டு நாள் என் பட்டறையில் நல்ல வரும்படி.
பந்தயத்துக்கு முதல்நாள் சைலன்சரைக் கழற்றுவேன்,
மறுநாள் மாட்டுவேன்.
கழற்ற நூறு, மாட்ட நூற்றைம்பது.
அந்த ஐம்பது போலீஸ் பயத்துக்கு.

இந்த வருசம் கமிட்டி நோட்டீஸ் அடித்துவிட்டது,
ரோஸ் தாளில், அம்மன் படத்துக்குக் கீழே:
மாட்டுக்கு நூறடி பின்னால்தான் பைக்.
குழாய் திறந்த வண்டிக்கு அனுமதி இல்லை.
சாரதி கையில் ஆணிக்கம்பு கண்டால் பரிசு கிடையாது.
பெரிய மாட்டுக்கு எட்டு மைல், இனி ஆறு.

பள்ளத்தூர் முக்கில் அன்று
பால் தீர்ந்தும் பேச்சு தீரவில்லை.

"சத்தம் இல்லாட்டி மாடு ஓடாதுய்யா" என்றார் உடையப்பன்.
"ஓடும். உமக்குத்தான் ஓடுற மாதிரித் தெரியாது" என்றான் அடைக்கலம்.
"ஆறு மைல்ல என்ன தெரியும்?
ஏழாவது மைல்லதானடா மாடே ஆரம்பிக்கும்!"
"ஆறு மைல் நீரு நடந்திருக்கீரா?"
ஷார்ஜாவிலிருந்து சொர்ணலிங்கம், ஸ்பீக்கரில்:
"பைக் பக்கத்துல போகலைன்னா வீடியோ எவன் எடுப்பான்?
நான் எதைப் பாக்குறது?"
அதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

கால்நடை டாக்டர் சிகப்பி
சில்லறைக்குக் காத்துக்கொண்டே சொன்னார்:
"போன வருசம் ஒரு மாட்டுக்குக் காதுல ரத்தம்.
யார் மாடுன்னு சொல்ல மாட்டேன்."
அவரவர் கிளாசுக்குள் பார்த்தார்கள்.

நீ எந்தக் கட்சி என்றார்கள் என்னை.
ஸ்பானர் கட்சி என்றேன்.

ஞாயிறு காலை ஆறரை. கொடி இறங்கியது.
ஒன்பது ஜோடி.
நூறடி விட்டு பைக்குகள்,
துக்கம் கேட்கப் போகிறவர்களைப் போல.

தார்ச்சாலையை இரும்புப் பட்டை சீவுகிற சத்தம்
இந்த ரோட்டில் நான் கேட்டதே இல்லை.
அச்சு முனகியது.
பதினெட்டு மாட்டின் மூச்சு, துருத்தி துருத்தியாக.
விசிலுக்கு வாய்க்குப் போன விரல்
அங்கேயே நின்றது.

கோட்டையூர்த் திருப்பத்தில் முதலில் சேவுகன் வண்டி.
பதினோரு கொடி வாங்கிய சேவுகன்,
ஃபிளெக்ஸில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சேவுகன்.
இத்தனை வருசமும் அவன் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறோம்.
கெட்ட வார்த்தை என்று நினைத்து
ரசித்திருக்கிறோம்.

"என் ராசா. இந்த ஒரு தடவை ராசா.
புதன்கிழமை வருவான்டா.
உன்னைத்தான்டா அவுத்துக்கிட்டுப் போவான்.
அவ கழுத்துலயும் ஒண்ணும் இல்லடா, ஓடுறா,
கால்ல விழறேன், ஓடுறா."

கடந்துவிட்டது.
பிறகு வெறும் நூறடி.
பிறகு பைக்குகள், மரியாதையான சத்தத்தில்.

மூக்கு வித்தியாசத்தில் சேவுகன் இரண்டாவது.

சாயங்காலம் மறுபடி முக்கு.
விதியை மாற்றணும் என்று முதலில் சொன்னது
உடையப்பன் இல்லை, அடைக்கலம்.
"அம்பதடி போதும்ப்பா. வேணும்னா இருபது."
"ஏன்டா?"
"வீடியோவுக்கு."
ஷார்ஜா கேட்டது:
"இந்த வருசம் தெளிவா இருக்கே, சேவுகன் என்னமோ சொல்றானே,
என்ன சொல்றான்?"
"சிக்னல் இல்ல மாப்ள" என்று வைத்தான் அடைக்கலம்.
நாலு கட்டை சிக்னல் இருந்தது.

புதன்கிழமை பட்டறைக்கு ஒரு பையன் வந்தான்.
அடுத்த வாரம் கல்லல் பக்கம் பந்தயம்,
அங்கே இந்த நோட்டீஸ் எல்லாம் இல்லை, கழற்றுங்க என்றான்.
கழற்றினேன். நூறு.
சத்தம் சரியா என்று முறுக்கிப் பார்த்தபோது
ஒரு சின்ன யானை ரோட்டில் போனது.
பின்னால் வெள்ளையாக, மாடோ, சாக்கோ.
டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.
வாய் அசைந்தது.
நான் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.