பேர்

இருட்டோடு இறங்கி, மவுஸ்ஸாக்கலைத் தண்ணியோரம்
முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும்
என் துண்டில் எழுபத்து மூன்று.
மற்ற எழுபத்திரண்டு பேரும் எங்கேதான் படுத்தார்களோ.

ஜன்னலுக்குள் கிளினிக் கொப்பிகள் ஓர் ஆள் உயரம்.
மழைக்குச் சீனிப்பையில் சுற்றியவை,
பிள்ளையின் பழைய சயன்ஸ் அட்டை போட்டவை,
நீலப்பூத் தாள் ஒட்டிய என்னுடையது
எங்கோ நடுவில்.
பத்துக்கு முடிந்தால் மலைக்கு ஏறிவிடலாம்,
அரைப்பேராவது விழும் என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணி என்று எழுதியிருக்கும் ஜன்னல்
எட்டே முக்காலுக்குத் திறந்தது.
ஐயா குடையை விரித்துக் காயவைத்தார்.
ஜெர்சியைக் கழற்றிக் கதிரைக்குப் போர்த்தினார்.
தேத்தண்ணி வந்தது. ஊதி ஊதிக் குடித்தார்.
தேத்தண்ணி பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பிரஷருக்கும் சீனிக்கும் ஒரே வாங்கு.
வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வந்தவர்
சுவரைப் பிடித்தபடி கண்ணை மூடினார்.
இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்ட பெண்ணுக்குக்
கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு விரல் எழும்பியது.
அந்த விரலை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பதினொன்றுக்கு "பாவல கோடி" என்றார்.
யாரும் எழும்பவில்லை.
"பாவல கோடி! பாவல கோடி!"
எந்தக் கோடீஸ்வரியோ என்று
நானும்தான் திரும்பிப் பார்த்தேன்.
கொப்பியை இழுத்து அடியில் செருகினார்.
செருகும்போது நீலப்பூ தெரிந்தது.

ஓடினேன். பவளக்கொடி ஐயா, பவளக்கொடி, நான்தான்.
காது இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.
காது இருந்தது. பேர்தான் வந்து சேரவில்லை.
இனிக் கடைசியில், என்றார்.

வாங்கில் என் இடத்தில் வேறு ஆள்.
ஜன்னலோரம் நின்றேன். நின்றதால் கேட்டது:
"தங்க பலம்."
மூலையில் மப்ளருக்குள் தூங்கும் கிழவருக்கு
அது எப்படிப் போய்ச் சேரும்?
ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்கு
மூடுபனிக்குள் ஆள் கூப்பிடும் அதே தொண்டையில்
"தங்கப்பழம்!" என்றேன்.
திடுக்கிட்டு விழித்து, சாரத்தை இறுக்கி, நடந்தார்.
"சின காலே."
சின்னக்காளை!
"அருலாய்."
அருளாயி! எழும்புங்க, உங்களத்தான்.
"ரோகிணி" சரியாகவே வந்தது.
வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாகும்போது அவர் கத்துவதை விட்டுவிட்டார்.
கொப்பியைப் பார்த்து முணுமுணுப்பார்,
பிறகு என்னைப் பார்ப்பார்.
பக்கத்தில் ஒரு கதிரை சும்மா கிடந்தது.
அதை அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டரை. மேசையில் ஒரே ஒரு கொப்பி.
"பாவல கோடி" என்றார் மெதுவாக.
என்னைப் பார்த்தார்.
ஆளில்லாத வாங்குகளுக்கு முன்னால்
முழுத் தொண்டையில் கூப்பிட்டேன்:
பவளக்கொடி!
கூப்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

டொக்டர் கையில் பட்டி சுற்றி அமத்தினார். நூற்றெண்பது.
டென்ஷன் கூடாதும்மா.
ரெண்டு குளிசையில் ஒன்று இங்க இல்லை, வெளியில வாங்குங்க.
ஒரு நிமிஷம். மிஞ்சினால் ஒன்றரை.

அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம் மடுவத்துக்குப் போய்
நடந்ததைச் சொன்னேன்.
கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.
இன்றைக்கு எனக்கு அரைப்பேரும் இல்லை.

சரி.
முப்பத்தெட்டு ஆளுக்கு
முழுப்பேர் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.