நிழலுக்குப் போகிற நேரம்

வல்லாரை அரைத்த கிரைண்டரில்
சம்பலும் அரைத்தேன். பச்சை விடவில்லை.
தட்டைப் பார்த்து, "இதுக்குள்ளயும் மருந்தோ?" என்றான் மிதுசன்.
பதிலுக்கு நிற்கவில்லை.
கிணற்றடி, கொய்யாமரம், வசந்தியக்கா வீட்டு நாய்,
திரும்பி வந்து ஒரு வாய்,
மறுபடி கொய்யாமரம்.

ஏழு மாதமாய் இந்தப் படலையால்
வராத வைத்தியம் இல்லை.
ரொறன்ரோ மச்சாள் அனுப்பினா மீனெண்ணெய்க் குளிசை.
ஒலுமடுக் குளத்தில் விரால் துள்ளிக்கொண்டிருக்க
எங்களுக்கான மீன் விமானத்தில் வந்தது.
சீனியை நிறுத்தச் சொன்னார்கள்; நிறுத்தினேன்.
சிவப்புச் சோடாவை நான் நிறுத்தினேன்,
கடைக்காரன் நிறுத்தவில்லை.
மாங்குளத்தில் ஒருவர் வெள்ளை மணி மருந்து தந்தார்.
நாக்கில் போட்டால் கரையுமாம், அலைச்சலும் கரையுமாம்.
மணி கரைந்தது.
நூல் கட்டின பூசாரி மூன்று வெள்ளி என்றார்.
யோகா ரீச்சர், கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னா.
நாலு வரைக்கும் எண்ணினான்.
சன்னலில் ஒரு ஓணான்.

எதைக் கொடுத்தாலும் முதல் கிழமை நல்லாயிருந்தான்.
அது மருந்தோ,
அந்தக் கிழமை முழுக்க நான் அவனையே
பார்த்துக்கொண்டிருந்ததோ, தெரியாது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்க
பையைக் கவிழ்த்தேன்: போத்தல், பொட்டலம், அறுந்த நூல்.
அவ சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்குப் பிடித்தது.
"வல்லாரையைச் சாப்பாடாய்க் குடுங்கோ, வில்லங்கமில்லை.
மீனெண்ணெயில பெரிசாய் ஒண்டும் எதிர்பார்க்காதேங்கோ.
பேர் எழுதாத பொட்டலம் மட்டும் வேண்டாம்.
குளிசை தொடங்கினால்
எனக்குச் சொல்லாமல் எதையும் சேர்க்கவேண்டாம்."
பிறகு, "அம்மா என்ன வேலை?"

கண்ணிவெடி எடுக்கிற வேலை. அம்பகாமக் காட்டில்.

பேனையை வைத்துவிட்டா.
"எவ்வளவு நேரம் உங்களால ஒரே கவனமாய்..."
ஐம்பது நிமிடம் என்றேன்.
முழங்காலில், முகக்கவசத்துக்குள் வேர்வை ஓட,
ஒரு முழம் மண். கேட்டு, சுரண்டி, கேட்டு.
பிறகு விசில். பத்து நிமிடம் நிழல்.
விசிலுக்குப் பிறகும் ஒருத்தி சுரண்டினால்
அன்றைக்கு வேலையில்லை, வீட்டுக்கு அனுப்புவார்கள்.
மனுசருக்குக் கவனம் தீர்ந்துபோகும் என்று
எங்கட சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கு.
ஆறு வருசமாய் அதற்குக் கீழே
கையொப்பம் வைக்கிறேன்

என்று சொல்லிக்கொண்டு போகையில்
என் குரல் நின்றது.
மேசைக்குக் கீழே மிதுசன்
டொக்டரின் செருப்பில் எத்தனை துளை என்று
எண்ணிக்கொண்டிருந்தான்.
நாலைத் தாண்டிவிட்டான். பதினொன்று.

இப்போது கொப்பியில் இரண்டே கணக்குத் தெரியும்,
மிச்சத்தைப் பழைய பேப்பரால் மூடிவிடுவேன்.
ஓரத்தில் தீக்குச்சி, சிவப்பு மண்டை அவன் பக்கம்:
இன்னும் போகாத இடம்.
முடித்த கணக்குக்குக் குச்சியைத் திருப்பி வைப்பான்,
துப்புரவான நிலத்துக்கு நாங்கள்
வெள்ளைக் கட்டை நடுகிற மாதிரி.
ஏழு நிமிடம். விசில் என் வாயில்.
கொய்யாமரத்துக்கு ஓடுவான்.

காலையில் குளிசையும் உண்டு.
எது வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.
வகுப்பு ரீச்சரிடம் கேட்டுப் பார்த்தேன்.
"நாப்பது பிள்ளைக்கும் விசில் ஊதவோ?" என்றா.
அதுவும் நியாயம்தான்.
ஆனால் இப்போது கரும்பலகை துடைக்க
அவனைத்தான் கூப்பிடுகிறாவாம், பாடத்துக்கு இரண்டு தரம்.

நேற்று ஏழு நிமிடம் முடிய ஊதினேன்.
"பொறுங்கோ அம்மா" என்றான்,
தலை தூக்காமல்.
இரண்டாவது குச்சி இன்னும் திரும்பவில்லை.

நான் இன்னொருக்கால் ஊதினேன், பலமாய்.
வேலைப் பழக்கம்.
விசிலுக்குப் பிறகு
ஒருத்தரையும் நிலத்தில் விடமாட்டேன்.