பதிலுக்கு

காலை ஐந்து நாற்பதுக்குக்
கைபேசியில் பேசியது மனிதக் குரலல்ல:
"ஒன்பதாம் வகுப்பு, கணக்கு, ஒரு நாள்.
சம்மதமென்றால் ஒன்றை அழுத்தவும்."
மினசோட்டாவின் வடக்கு. வெளியே மைனஸ் இருபத்தாறு.
காரின் வயிற்றில் செருகிய ஒயர்
இரவெல்லாம் மின்சாரம் குடித்திருந்தது.
ஒன்றை அழுத்தினேன்.

இருபத்தொன்பது வருடம் நான் நுழைந்த வாசலில்
இப்போது ஒரு பொத்தான், ஒரு கேமரா.
"யார் நீங்கள்?" என்றது சுவர்.
லோயிஸ் கங்காஸ் என்றேன்.
"ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்."
சொல்லி முடிப்பதற்குள்
பூட்ஸ் தரையோடு ஒட்டத் தொடங்கியிருந்தது.
உள்ளே, மேசைக்குப் பின்னாலிருந்த பெண்
என் கோட்டில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினாள்:
வருகையாளர்.

அறை 114.
என் அறைதான். யாரிடமும் சொல்லவில்லை.
பச்சைப் பலகை இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை,
கொஞ்சம் சின்னது.
அதன் ஓரத்தில், பெயின்ட் பூச மறந்துபோய்,
ஒரு ஸ்கேல் அகலத்துக்கு
என் காலத்துச் சுவர்.

மேசைமேல் பவ்லிச்சின் குறிப்பு.
கிரெக் பவ்லிச்:
இதே அறையில், ஜன்னலோரம் மூன்றாவது இருக்கையில்
என்னிடம் இரண்டு முறை ஃபெயிலானவன்.
இப்போது அழகான கையெழுத்து.
"வீடியோவைப் போடவும்.
பக்கம் 88ஐச் செய்யச் சொல்லவும்.
தயவுசெய்து எதையும் கற்பிக்க வேண்டாம்."
தயவுசெய்துவுக்குக் கீழே ஒரு கோடு.

வருகை எடுத்தேன்.
ஸ்டிமாக், ரூவோனா, லாப்ராத்...
முகங்கள் புதிது. சில மூக்குகள் பழையவை.
கடைசி வரிசையில் ஒருத்தி
தோழியின் பெயருக்கும் தானே குரல் கொடுத்தாள்.
இருவரும் வந்ததாகப் போட்டேன்.
முன்பென்றால்...
அந்த முன்பினால்தானே
ஒரு பிப்ரவரியில், பாடத்தின் நடுவில்,
சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு
கோட்டுக்கூட எடுக்காமல் வெளியே நடந்தேன்.
கோட்டைப் பிறகு தபாலில் அனுப்பினார்கள்.

வீடியோ ஓடவில்லை.
திரையில் ஒரு வட்டம் சுற்றியது;
அதையும் பத்து நிமிடம் பார்த்தார்கள், பாவம்.
"நீங்கள் யாருக்குப் பதில்?" என்றான் ஒரு பையன்.
ஆயுள் முழுக்கப் பதில் கேட்டவள் நான்.
பதிலாக இருப்பது எப்படியென்று
யாரும் சொல்லித் தரவில்லை.

பதினொன்று அடிக்க ஒரு நிமிடம்.
என் கை தானாகப் போய்ப்
பலகைத் தட்டிலிருந்த பேனாக்களைப் பிடித்துக்கொண்டது.
அப்புறம்தான் சுரங்கத்தில் வெடி.
ஜன்னல்கள் நடுங்கின. ஒரு பேனாவும் விழவில்லை.
முன் வரிசையில் ரூவோனா பார்த்துவிட்டாள்.
"நீங்கள் இங்கே இருந்தவரா?"
என் வாய் சொல்லாததைக் கை சொல்லிவிட்டது.
"ஆமாம்" என்றேன்.
"அப்படியென்றால் ஆறாவது கணக்கைப் பாருங்கள்."

நாற்பதடிக் கொடிக்கம்பம்,
அடியிலிருந்து ஒன்பதடி தள்ளி முளை,
உச்சியிலிருந்து அதற்கு இழுத்துக் கட்டிய கம்பி. நீளம் என்ன?
அவளுக்கு நாற்பத்தொன்று.
புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாற்பத்திரண்டு.
தன் விடையை ரப்பரால் அழிக்கத் தொடங்கியிருந்தாள்.
"அழிக்காதே."
பலகைக்குப் போனேன். வரைந்தேன்.
எத்தனை நிமிடமென்று தெரியாது,
மணி அடித்தபோது யாரும் உடனே எழவில்லை.
(இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.)

மூன்று மணிக்குக் குறிப்பு எழுதினேன்:
வீடியோ ஓடவில்லை.
தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டேன்;
பிளாஸ்டிக் என்று பிறகுதான் தெரிந்தது.
கொஞ்சம் கற்பித்துவிட்டேன்.
ஆறாவது கணக்குக்குப் புத்தகத்திலுள்ள விடை தப்பு.
இது பழைய புத்தகம்தான், கிரெக்.
அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான்
இரவுகளில், அரைத் தூக்கத்தில்,
நான் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.
உன் விடைத்தாளில் என்ன இருந்தது?
உனக்கு நினைவிருந்தால்