குண்டு விழுந்த தூரம்

விடுப்பு முடிந்து இரண்டாம் நாள்.
குண்டு உப்பலவாடியில் எல்லைத் தகராறு.
அண்ணன் வேலி போட்டது தம்பி மனையிலா,
தம்பி முருங்கை நட்டது அண்ணன் மனையிலா.
சங்கிலியின் அந்த முனையில் எமல்டா,
இந்த முனையில் நான்.
ஷூவில் இன்னும் ஸ்காட்லாந்துச் சேறு.

"மேடம், அங்கே குளிரா?"
குளிர்தான்.
ஆடி மாசத்தில் சேலை மேல் ஸ்வெட்டர்,
ஸ்வெட்டர் மேல் மழைக்கோட்டு.
ராத்திரி பத்து மணிக்கும் வெளுத்துக் கிடக்கிற வானம்,
தூங்கப் போ என்று சொல்ல ஆளில்லாத பிள்ளை மாதிரி.

தடையின்மைச் சான்றுக்கு
ஏழு மேசை ஏறி இறங்கியிருந்தேன்.
"நிலம் அளக்கிறவளுக்கு அந்த நாட்டில் என்ன வேலை?"
பார்க்கணும் சார்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பார்த்தேன்.
பாறை விளிம்பில் கூரையற்ற கோட்டை.
ஒரு சுவர், ஒரு படிக்கட்டு, மீதி காற்று.
காற்றுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்,
தலைக்கு இரண்டாயிரம் ரூபாய்.
கால் தானாக எண்ணியது:
வடக்குச் சுவர் நாற்பத்தொரு தப்படி.
வெளியே, கார் நிறுத்துமிடத்தில் புளிச்சோறு.
ஒரு கடற்காகம் வந்து அதிகாரமாகப் பார்த்தது,
காய்ந்த மிளகாயைக் கொத்தி விழுங்கியது,
வடதிசை பார்த்துக் கத்தியது.

அந்தக் கடல் சிலேட்டைக் கரைத்த நிறம்.
கீழே அலை மோதுவது தெரிகிறது,
ஓசை மேலே வர நேரமாகிறது.
செங்குத்துப் பாறை இடுக்குகளில்
ஆயிரம் பறவைகள் பட்டா இல்லாமல் குடியிருந்தன.
எல்லைக் கல் எதுவும் இல்லை,
சண்டை மட்டும் இருந்தது.

ஐந்தாம் நாள், மீன்பிடி ஊரொன்றின் சின்ன தேவாலயம்.
மழைக்குத்தான் ஒதுங்கினோம்.
சுவரில் ஒரு கல்.
பெயரைப் பாதி உப்பு தின்றிருந்தது.
வயது தெளிவாக: பத்தொன்பது.
இறந்த இடம்,
எழுத்துக் கூட்டிப் படித்தேன்,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு வெட்டியிருந்தார்கள்,
கடலூர்.

சாவி வைத்திருந்த பெண் கேட்டாள்,
"அந்த ஊர் தெரியுமா?"
எங்கள் பஸ்ஸின் நெற்றியில் ஒட்டியிருக்கிற பெயர்.
தெரியும் என்றேன்.
"அங்கே கடல் எப்படி?"
வெதுவெதுப்பு.
அப்புறம், ஒருமுறை ஊருக்குள் வந்தது என்றேன்.
அந்த வருடம் நான் அளந்த மனைகளில்
கையெழுத்துப் போட ஆளில்லை என்பதைச்
சொல்லவில்லை.
அவன் கிடக்கிற இடத்தைப் படமெடுத்து
அனுப்ப முடியுமா என்றாள்.
அலுவலக வாய்,
பார்க்கிறேன் என்றது.

கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு
குண்டு விழுந்த தூரம்வரை
வெள்ளைக்காரன் விலைக்கு வாங்கிய ஊர்கள் இவை.
சங்கிலி இல்லை, புலப்படம் இல்லை.
முந்நூறு வருடத்துக்கு மேல் ஆச்சு.
அண்ணன் தம்பிக்கு இன்னும் தீரவில்லை.

சாயங்காலம் தேவனாம்பட்டினம்.
கெடிலம் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால்
செடி முளைத்த செங்கல்.
இந்தக் கோட்டைக்கு டிக்கெட் இல்லை.
ஓர் ஆடு தன் குட்டிக்குச் சுவர் ஏறப் பொறுத்து நின்றது.
ரீல்ஸ் எடுத்த பையன்கள்
என்னைச் சற்று நகரச் சொன்னார்கள்.
நகர்ந்தேன்.

போனில் 'அ' பதிவேடு.
புல எண், உட்பிரிவு,
வகை: சர்க்கார் புறம்போக்கு.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.
யாரோ அழுதுகொண்டே கூலி கொடுத்து வெட்டிய கல்
அங்கே மழைச் சுவரில்.
அவன் இங்கே எந்த உட்பிரிவில்?

இதற்கென்றே எங்களிடம் ஒரு வாசகம் உண்டு:
புலத்தில் கல் காணப்படவில்லை.
ஆங்கிலத்தில் தட்டினேன். அழித்தேன்.
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
கணுக்கால் தண்ணீரில் நின்று
கடலைப் படமெடுத்தேன்.
வெதுவெதுப்பு படத்தில் வரவில்லை.
இருந்தாலும் அனுப்பினேன்.

எமல்டா அழைக்கிறாள்:
"முருங்கை அண்ணன் பக்கம்தான் மேடம்,
தம்பி ஒத்துக்க மாட்டேங்கிறான்.
நாளைக்கு மறுபடி அளக்கணும்."