டிவிஎம்முக்கு ஒன்று

மடிவாளா செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என் கவுண்டர்.
கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருத்தி
கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்
“ஹைட்டுக்கு ஒண்ணு” என்றாள்.
உயரத்துக்கெல்லாம் டிக்கெட் போடுவதில்லையம்மா,
வேண்டுமானால் மேல் படுக்கை இருக்கிறது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஐதராபாத் போய்ச்சேர பத்து மணி நேரம் ஆகும்,
ஐந்து எழுத்துக்கு அப்படி என்ன அவசரம்?

இந்த ஊருக்கே அந்தக் கதிதான்.
பெங்களூரு என்று முழுதாய்ச் சொல்வது
ரயில்நிலைய ஒலிபெருக்கி மட்டும்.
மற்றவர்களுக்கு ப்ளோர்,
தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைத் துப்புகிற மாதிரி.
பக்கத்துப் பேட்டைக்குப் பெயர் பிடிஎம்.
அதற்குள் பைரசந்திரா, தாவரெகெரே, மடிவாளா என
மூன்று ஊர் ஒற்றைக்காலில் நிற்பது
வாடகைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது.
தாவரெகெரே என்றால் தாமரை ஏரி.
ஏரி எவ்வளவு மிச்சமோ, நான் போய்ப் பார்த்ததில்லை.
பெயரில் ஒரு டி மிச்சம்.

எங்கள் கணினியிலும் ஊருக்கு மூன்றே கட்டம்.
“மூணு எழுத்துல அடங்காத ஊருக்கு
நம்ம பஸ் போகாது” என்பார் முதலாளி குருநஞ்சப்பா.
நான் டிக்கெட்டின் முதுகில்
பேனாவால் முழுப்பெயர் எழுதித் தருகிறேன்.
திருச்சிராப்பள்ளி.
உதகமண்டலம்.
ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் எழுதி முடிப்பதற்குள்
வண்டி நகர்ந்துவிட்டது.
பைத்தியம் என்று எனக்குப் பேர்.
அதையும் சுருக்கி
பைத்தி என்கிறான் க்ளீனர்.

போன வைகாசியில் முனிரத்தினம் என்று ஒருவர்,
தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு
பித்தளை அண்டாவோடு வந்தார்.
போகவேண்டியது திருவண்ணாமலை.
மகன் போனில் எடுத்த சீட்டில் டிவிஎம்.
வாசலில் நின்ற வண்டியிலும் டிவிஎம்.
நான் சாப்பிடப் போயிருந்தேன்.
விடிகாலை மூன்றரைக்கு,
கரூர் தாண்டி எங்கிருந்தோ பேசினார்.
திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
“அண்ணே, மலை எங்கே காணோமே.
ரெண்டு பக்க ஜன்னல்லயும் பார்த்துட்டேன்” என்றார்.
திருவனந்தபுரத்துக்குப் பாய்கிற வண்டியில்
ஒரு மனுஷன் இருட்டைத் துடைத்துத் துடைத்து
மலையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.
அண்டா உருளும் சத்தம்கூடக் கேட்டது.
அன்றிலிருந்து அந்த மூன்றெழுத்து காதில் விழுந்தால்
எனக்குப் பல் கூசும்.

பார்சல் கவுண்டர் ஜெபக்கனி விடமாட்டாள்.
தமிழில் பி.ஏ.
“கோயம்புத்தூரைக் கோவைன்னா இனிக்குது,
திருநெல்வேலியை நெல்லைன்னா இனிக்குது.
அதெல்லாம் என்ன?”
மரூஉ என்றேன்.
“மரூஉன்னா வயசான சோம்பேறித்தனம்.”
படிக்கட்டு தேய்வது வேறு,
கடப்பாரையால் பெயர்ப்பது வேறு என்று வாதாடினேன்.
எத்தனை தலைமுறைக் கால் நடந்து தேய்ந்தது நெல்லை!
“டிவிஎம்மும் தேயும், இருங்க” என்றபடி
ஓர் அட்டைப்பெட்டியின்மேல் சிபிஇ என்று
கொட்டை எழுத்தில் எழுதினாள்.
என்னைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு.
என் ஊர் உளுந்தூர்ப்பேட்டை.
எப்படி வெட்டினாலும்
வடைக்குத்தான் ஆகும்.

பத்து மணிக்கு தருமபுரி வண்டி டிரைவர் மகபூப் போன்:
“அண்ணே, மடியில இறங்கிட்டேன். டீ சொல்லு.”
மடிவாளா என்று திருத்த வாயெடுத்தேன்.
ஆறு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த கை,
புழுதி, ஹாரன், ஹெட்லைட் வெளிச்சம்,
அதன் நடுவில் ஒருவன்
மடியில் இறங்கியிருக்கிறான்.
ரெண்டு டீ என்றேன் கடைப்பையனிடம்.
ஒன்றில் சர்க்கரை கம்மி.

கண்ணாடியில் யாரோ நாணயத்தால் தட்டுகிறார்கள்.
“டிவிஎம்முக்கு ஒண்ணு.”
பேனா மூடியைத் திறந்தேன்.
மலையா, கடலா?
அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு
கைபேசியில் தேடத் தொடங்கினான்.