வேர்க்கும் குழாய்

மூன்று கிழமையாய் சுவிண்டனில் மழை இல்லை.
புல்லெல்லாம் பிஸ்கட் நிறம்.
சற்குணராசா வீட்டுக் கட்டிலுக்கு மேலே மட்டும்
ஒரு ஈரவட்டம்.
முதலில் தேத்தண்ணிக் கோப்பை வைத்தெடுத்த தடம் அளவு.
இப்போது சோற்றுத் தட்டம்.

"கூரை ஒழுகுது" என்றார் அவர்.
"மழையே இல்லையே" என்றார் யசோதினி.
நான் சப்பாத்துக் கழற்றி முடிப்பதற்குள்
இந்த இரண்டு வசனமும் நாலு தரம் நடந்தன.
கூரைக்காரன் டெரெக் போன மாதமே வந்து
ஆறு ஓடு மாற்றி
நானூற்றெண்பது பவுண் வாங்கிப் போயிருந்தான்.
தெருவிலிருந்து பார்க்க
அந்த ஆறும் கட்டின பல்லுப் போல மினுங்கின.

ஏணி. பொறிக்கதவு. தலைவிளக்கு.
பரணில் முப்பத்தொரு பாகை.
விமானச் சீட்டு உரியாத சூட்கேஸ்களைத் தாண்டி
மஞ்சள் பஞ்சில் முழங்காலூன்றி ஊர்ந்தேன்.
பஞ்சு கழுத்துக்குள் இறங்கி
கடிக்கத் தொடங்கிற்று.

அங்கே கிடந்தது
வெள்ளித்தோல் போர்த்த குழாய்,
வயிற்றுக்குள் பன்னிரண்டு பாகைக் காற்றோடு.
தொட்டேன். கை நனைந்தது.

ஒழுக்கு இல்லை இது.
குளிர்ந்த தகரத்தில் முட்டிய வெக்கைக்காற்று
சுமந்து வந்ததை இறக்கிவைத்துவிட்டுப் போகிறது.
பெட்டியிலிருந்து எடுத்த சோடாப்போத்தல் வேர்த்தால்
போத்தலில் ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை.
வீட்டில் வேர்த்தால் மட்டும்
ஓடு மாற்றுகிறோம்.

வளைவில் டேப் விட்டு, தோல் பிளந்து,
இரண்டு விரல் அகலத்துக்கு வெறுந்தகரம்.
அடியில் துளிகள் வரிசையாய் நின்றன.
முன்னாலுள்ளது கனத்து விழ
அடுத்தது ஒரு அடி நகரும்,
தபாற்கந்தோரில் ஓய்வூதிய நாள் போல.

ஆனாலும்
இரண்டு விரல் இடைவெளி இவ்வளவு வேர்க்காது.
ஈரமானியை வைத்தேன்: எழுபத்தாறு.
வெளியே வளவில் பார்த்தபோது நாற்பத்தொன்று.
ஊரே வறண்டு கிடக்க
இந்தப் பரண் எங்கே போய்க் குடித்தது?

கீழே ஷவர் திறந்தது.
இரவு வேலை முடித்து வந்த மகள் அபிரா.
காற்றாடி உறுமியது.
இருட்டில், என் இடது காதருகே,
யாரோ நீளமாய் மூச்சு விட்டார்கள்.
எலுமிச்சை ஷாம்பு மணம்.

குளியலறைக் காற்றாடியின் நெளிகுழல்
வாய் பிளந்தபடி பஞ்சில் படுத்திருந்தது.
விளக்கை மேலே திருப்பினேன்.
கூரைத்துணியில் வட்டமாய் வெட்டிய துளை.
துளைக்கு மேல்
துவாரமுள்ள ஓடு இருந்திருக்க வேண்டிய இடத்தில்
புத்தம்புதிய முழு ஓடு.

டெரெக்கே.

வேலை பெரிதல்ல, பொறுமைதான் வேண்டும்.
குளிர்காற்றை நிறுத்தி, துடைத்து, காத்திருக்க வேண்டும்.
ஈரத்தில் ஒட்டிய டேப் ஆறு நாள் தாங்காது.
நனைந்த பஞ்சு காயுமென்று நம்பாமல் வெட்டி எறிந்தேன்.
முழங்கை வளைவுக்குப் புதுச் சட்டை,
ஐம்பது மில்லிமீற்றர்,
இறுக்கிக் கட்டாமல். நசுங்கிய பஞ்சில் காற்றில்லை,
காற்றில்லாத பஞ்சு வெறும் துணி.
வெள்ளித்தோலின் விளிம்பில் டேப்பை விரல்நகத்தால் தேய்த்தேன்,
ஊசி நுழைய இடமிருந்தால்
ஆவிக்கு அது படலை.

நெளிகுழலைத் தற்காலிகமாய் இறவாணத் துவாரம் வழியே வெளியே விட்டேன்.
ஓடு என் தொழிலில்லை.

இறங்கி வந்து சொன்னேன்.
சற்குணராசா, "அப்ப கூரைதான்" என்றார்.
யசோதினி, "மழை இல்லைத்தானே" என்றார்.
இருவரும் வென்றவர்களாய்
ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.
தலையில் துவாயோடு வந்த அபிரா
நான் இனிக் குளிக்கலாமா என்று கேட்டாள்.

இரவு வீட்டில்
கழுத்துப் பஞ்சு போக வெந்நீரில் நின்றபோது
என் காற்றாடியை நிமிர்ந்து பார்த்தேன்.
உறுமிக்கொண்டுதான் இருந்தது.
எங்கே ஊதுகிறது என்று தெரியவில்லை.
பரணுக்கு நான் ஏறி
இரண்டு வருடம்.