துண்டு விழும் தொகை

தை மாதச் சம்பளத் துண்டில்
ஒரு வரி குறைந்திருந்தது.
அச்சுப்பொறியின் பிழையென்று நினைத்தேன்.
பிழையில்லை.
ஆயிரத்து நாற்பது ரூபாய்
இனி வெட்டமாட்டார்களாம்.

கணக்காளர் நான்.
மற்றவர்களின் கூட்டலில் பிழை பிடித்துச்
சோறு தின்பவன்.
அன்று என் கூட்டலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.
களுவாஞ்சிகுடியில் மஸ்கற் வாங்கி
குருமண்வெளித் துறையில்
அழகுத்துரைக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

அவன் பாதை ஓட்டுகிறவன்.
பாதையென்றால் எங்களுக்கு
இரும்புத் தட்டும் பழைய எஞ்சினுமாய்
வாவியைக் கடக்கிற மிதவை.
மண்டூர்ச் சனமும் சைக்கிளும் நெல்மூட்டையும்
அதில்தான் அக்கரை சேரும்.
"என்ன சேர் விசேசம்?"
"வரி குறைச்சிட்டாங்க."
"எனக்குமா?"
நீ எப்போது கட்டினாய், அழகுத்துரை,
குறைப்பதற்கு?

குணநாயகம் முதலாளிக்கு
எத்தனை லட்சம் குறைந்ததென்று
அவர் சொல்லவில்லை.
அரிசி ஆலைக்குப் பக்கத்தில்
கல்யாண மண்டபம் எழும்பியது.
குளிரூட்டி பதினாறு.
ஊருக்கு வேலை வருமென்றார்.
வந்தது, பொய் சொல்லக்கூடாது.
மண்டபம் கழுவ
இரண்டு பெண்கள்.

கருவாடு விற்கும் தங்கேஸ்வரி வாங்கும்
சவர்க்காரத்தின் வரி
பதினைந்திலிருந்து எட்டாயிற்று.
விலை மட்டும்
ஒட்டின இடத்தில் ஒட்டினபடி இருந்தது.
"அந்த ஏழு எங்க போச்சு சேர்?"
பேரேட்டில் தேடிச் சொல்கிறேன் என்றேன்.

மறுகா,
நான் அனுப்பிய மதிப்பீடுகள்
திரும்பி வரத் தொடங்கின.
பாதை எஞ்சினுக்குப் புதுப் பம்ப்:
நிதி கிடைத்ததும் பரிசீலிக்கப்படும்.
வைத்தியசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி:
நிதி கிடைத்ததும்.
பள்ளிக்கூடக் கூரைக்கு
அதுகூட எழுதவில்லை.
மொழிபெயர்ப்பாளரும் களைத்துப்போயிருப்பார்.

வரவின் பக்கம் ஓட்டை விழுந்தால்
செலவின் பக்கம் தண்ணீர் ஏறும்.
இதற்கு நான் எழுதிய பரீட்சைகள் தேவையில்லை.
தோணி வைத்திருப்பவனைக் கேட்டாலே
சொல்லிவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை
பாதை நடு வாவியில் நின்றது.
ஆண்கள் கயிறு பிடித்து இழுத்தார்கள்.
கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நானும் இழுத்தேன்.
தங்கேஸ்வரியின் கருவாட்டுக் கூடைக்குள்
ஒரு சுடுதண்ணிப் போத்தல்.
உள்ளே சுடுதண்ணி இல்லை, ஐஸ்.
ஐஸுக்குள் புருசனின் இன்சுலின்.
கிளினிக்கில் முடிந்துவிட்டதாம்,
பார்மசியில் வாங்கினாளாம்.
"கரையிறதுக்குள்ள கரை வந்திருமா சேர்?"
பகிடியாகத்தான் கேட்டாள்.
கண் மூடியிலேயே இருந்தது.

முதலாளியின் வாகனம்
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போயிருக்கும்.
அவரில் வஞ்சகமில்லை.
கோயிலுக்குக் கொடுக்கிறார், சாவீட்டுக்கு அரிசி அனுப்புகிறார்.
இந்தத் துறைக்கு வரவேண்டிய
தேவை அவருக்கில்லை,
அவ்வளவுதான்.

இப்போது பதினெட்டு.
இந்த முறை சவர்க்காரத்தின் விலை
ஒரே இரவில் ஏறியது.
முதலாளி வாங்கினாலும்
தங்கேஸ்வரி வாங்கினாலும்
ஒரு கட்டிக்கு அதே பதினெட்டு.
சமத்துவம் இங்கே
நுரைக்கிற இடம் அது ஒன்றுதான்.

என் ஆயிரத்து நாற்பதை
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
அதற்கொரு படிவம் இல்லை;
இருந்திருந்தால் நிரப்பியிருப்பேனா,
தெரியாது.
மாதாமாதம் சேர்த்து வீட்டுக்கு
ஒரு தண்ணீர் வடிகட்டி வாங்கினோம்.
நல்ல தெளிவான தண்ணீர்.
குடிக்கும்போதெல்லாம்
வைத்தியசாலைத் தாங்கியின் கோவை இலக்கம்
தொண்டையில் நிற்கிறது.

ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
'துண்டு விழும் தொகை' என்று எழுதுகிறோம்,
முற்றிய ஓலைபோல
அது தானாக விழுந்தமாதிரி.
வெட்டியவர் பெயருக்கு
அங்கே ஒரு நிரல் கீறிப் பார்த்தேன்,
பென்சிலால்.
பிறகு அழித்தேன்.

துறையில் அழகுத்துரை.
"பம்ப் எப்ப வரும் சேர்?"
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
கயிறு எங்கே என்று கேட்டேன்.